எறிவது தானா வந்துடுமா? வீட்டுக்குள்ளேயே விளையாடிப் பழக்குவது எப்படி?

போன மாதம், அக்கா வீட்டு மொட்டை மாடி. ஒரு டென்னிஸ் பந்து, பிளாஸ்டிக் பேட், ஸ்டம்புக்குப் பதிலாக ஒரு பக்கெட். அக்காவின் ஐந்து வயதுப் பையன் எறிந்த பந்து பக்கெட்டைத் தாண்டிச் சுவரில் போய் மோதியது. ஆறரை வயது மகள் எறிந்த பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. “அவளுக்கு எறிய வராது. நீ ஸ்கோர் சொல்லு பாப்பா” என்றார் அவள் அப்பா. பாப்பா ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கீழே வந்து பொம்மைக் கூடையைக் கிளறினேன். அதில் இருந்த மூன்று பந்துகளும் தம்பியின் பிறந்தநாளுக்கு வந்தவை. அக்காவுக்கு வந்ததெல்லாம் கிச்சன் செட், கலரிங் புத்தகம். வராது, வராதுன்னு சொல்றோமே, அவ கையில பந்து எப்போ இருந்துச்சு?

எறிவது பிறவித் திறமையா?

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஸ்பூன், ரிமோட், செல்போன் என்று கிடைத்ததையெல்லாம் விட்டெறியும். நமக்கு அது சேட்டை. குழந்தைக்கு, பிடித்த பொருளை எப்போது விடுவது என்று விரல்கள் பழகும் நேரம். அந்த ஆர்வம் தானாக வருகிறது. ஆனால் ஒழுங்காக எறியும் முறை, திரும்பத் திரும்ப எறிந்தால்தான் படியும்.

இந்த வளர்ச்சியை 1938-லேயே மோனிகா வைல்ட் என்ற ஆய்வாளர் படிப்படியாக விவரித்திருக்கிறார். சுருக்கமாக:

• 2-3 வயது: உடம்பு அசையாது. நேராக நின்று கையை மட்டும் வீசும்.

• 4-5 வயது: உடம்பு திரும்பத் தொடங்கும். ஆனால் வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைக்கும்.

• 6 வயதுக்கு மேல்: வலது கையால் எறிந்தால் இடது கால் முன்னே வரும். இடுப்பு, தோள், கை என்று வரிசையாகத் திரும்பும். வேகம் கூடுவது இங்கேதான்.

வயதுக் கணக்கு முன்னே பின்னே இருக்கலாம். பழக்கம் இல்லாமல் போனால், வளர்ந்த பிறகும் இரண்டாவது படியிலேயே நிற்பவர்கள் உண்டு. நானே ஒரு உதாரணம்.

பெண் குழந்தைகள் ஏன் பின்தங்குகிறார்கள்?

1985-ல் ஜெரி தாமஸ், கேரன் ஃப்ரெஞ்ச் இருவரும் 64 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஓட்டம், தாவல் போன்றவற்றைவிட எறிவதில்தான் ஆண், பெண் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது. அதுவும் பள்ளிக்குப் போகும் முன்பே. உடல்வாகுக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் ஆண்களும் பெண்களும் எறியும் மரபுள்ள ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குழந்தைகளிடம் 2010-ல் தாமஸ் குழு ஆராய்ந்தபோது, அந்த இடைவெளி குறைவாகவே இருந்தது. பழக்கம் எவ்வளவு மாற்றும் என்பதற்கு இது போதும்.

எறியத் தெரியாத குழந்தையை யாரும் டீமில் சேர்ப்பதில்லை. சேர்க்காததால் அது இன்னும் பழகுவதில்லை. கொஞ்ச நாளில் ‘எனக்கு விளையாட்டு வராது’ என்று அதுவே சொல்லத் தொடங்கிவிடும்.

டூ பி.எச்.கே. வீட்டில் எப்படி?

சாக்ஸ் பந்து: பழைய சாக்ஸ் இரண்டைச் சுருட்டினால் பந்து ரெடி. டிவியும் உடையாது, கீழ் வீட்டுக்காரரும் புகார் சொல்ல மாட்டார்.

பெட்ஷீட் இலக்கு: பால்கனிக் கொடியில் ஒரு பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிடுங்கள். பந்து பட்டதும் அங்கேயே விழும். ஓடிப்போய்ப் பொறுக்கும் வேலை மிச்சம்.

சாக்பீஸ் பாதம்: கிருஷ்ண ஜெயந்திக்குப் பாதம் வரைவோமே, அதுபோல தரையில் இரண்டு பாதம் வரையுங்கள். வலது கைக் குழந்தைக்கு இடது பாதம் முன்னால். “இதுல மிதிச்சு எறி” என்றால் போதும், பாடம் நடத்த வேண்டாம்.

ஈர ஸ்பாஞ்ச்: மொட்டை மாடிச் சுவரில் ஈர ஸ்பாஞ்சை எறியச் சொல்லுங்கள். அடையாளம் பதியும், வெயிலில் காயும், மறுபடி எறியலாம்.

‘குறி பார்த்து எறி’ என்று சொல்லலாமா?

ஆரம்பத்தில் வேண்டாம். குறியில் கவனம் போனால் குழந்தை உடம்பை இறுக்கிக்கொண்டு மெதுவாகத் தட்டிவிடும். “எவ்ளோ பலமா முடியுமோ அவ்ளோ பலமா எறி” என்றால் இடுப்பும் தோளும் தானாகத் திரும்பும். அதனால் இலக்கு பெரிதாக இருக்கட்டும். குறி பிறகு வரும்.

இடது கையால் எறிந்தால் மாற்றாதீர்கள். எதிர்ப்பக்கமாகப் பாதம் வரைந்தால் போதும்.

‘எறியாதே’ என்பதைவிட, எதை, எங்கே எறியலாம் என்று சொல்லிவிடுவது வேலை செய்யும். “சாக்ஸ் பந்து பெட்ஷீட்டுக்கு, தட்டு மேஜைக்கு.”

கவனம்

3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையிடம் சின்னப் பந்து வேண்டாம், தொண்டையில் சிக்கும். அமெரிக்கப் பாதுகாப்பு விதி அந்த வயதுக்கு சுமார் 4.4 செ.மீ. வரை விட்டமுள்ள பந்துகளைத் தடை செய்கிறது. டேபிள் டென்னிஸ் பந்து 4 செ.மீ.தான். வெடித்த பலூன் துண்டுகளும் ஆபத்து.

எவ்வளவு நேரம்?

3, 4 வயதுக் குழந்தைகள் நாளில் 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், திரை நேரம் 1 மணியைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அந்த 180-ல் எறிவதற்கு ஒரு பத்து நிமிடம் போதும். ஆபீஸ் முடிந்து வந்து, பையைக் கீழே வைத்த கையோடு.

அக்கா வீட்டில் இப்போது மாலை நேரம் ஸ்பாஞ்ச் நேரம். போன ஞாயிறு பாப்பா எறிந்தது அவள் தலைக்கு மேலே, சுவரில் பதிந்தது. “சித்தி, இன்னும் மேல அடிக்கவா?” என்றாள். அப்போ ஸ்கோர் யார் சொல்றது என்று கேட்டேன்.

“அப்பா சொல்லட்டும்.”