இரவு ரயிலில் தனியே

தனி வழி போக வேண்டாமென்று நமது பாட்டிமார் சொன்னது கட்டை வண்டிக் காலத்துக்குச் சரி. இப்போது நமது வீட்டுப் பெண்கள் பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் இரவு ரயிலில் தனியே போகிறார்கள், போகத்தான் வேண்டும். அவர்களுக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்க நாம் மறப்பதில்லை. சட்டத்தைச் சொல்லிக் கொடுக்க மட்டும் மறந்துவிடுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் நாம் பிரயாணம் செய்த வண்டியில் ஒரு மாணவி டிக்கெட்டைத் தொலைத்துவிட்டாள். "அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடம்மா" என்றார் பரிசோதகர். அடுத்த ஸ்டேஷனோ, இரண்டு விளக்கும் ஒரு வேப்பமரமும் உள்ள இடம்! மணி பதினொன்று. அந்தப் பெண் அழவில்லை. "1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம், 139-வது பிரிவைப் பாருங்கள், ஸார்" என்றாள்.

டிக்கெட் இல்லையென்றாலும், ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. புறப்பட்ட ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், ஜில்லாவின் தலைநகர் இவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில்தான். பரிசோதகர் நல்ல மனிதர். கட்டணமும் அபராதமும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், ஆபத்து வேளையில் ரயில்வேயாரைக் கூப்பிடும் டெலிபோன் எண்ணும் 139-தான். பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் அறிந்தே ஏறும் ஆணை 162-வது பிரிவு கவனித்துக்கொள்ளும். அபாயச் சங்கிலியைத் தக்க காரணமின்றி இழுப்பதுதான் குற்றம். உண்மையான ஆபத்தைவிடத் தக்க காரணம் வேறு என்ன?

"சட்டம் படிக்கிறாயா, குழந்தை?" என்று அவளைக் கேட்டோம்.

"இல்லை, மாமா. அம்மா ஒரு காகிதத்தில் எழுதி, டிபன் டப்பாவோடு வைத்திருந்தாள்" என்றாள்.