கட்டைப் பிரிப்பது யார்?

ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்று சொல்லித்தருகிறோம். குழந்தை ஐந்தை அடித்துவிட்டு மேலே நான்கு எழுதுகிறது, இரண்டுக்கு முன்னால் ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. விடை 25 என்று சரியாகவே வருகிறது. ஆனால் ‘வாங்கியது ஒன்றுதானே, அது இங்கே வந்ததும் எப்படிப் பத்தாயிற்று?’ என்று கேட்டால் பல குழந்தைகள் விழிக்கும். இதே கணக்கை ஈர்க்குச்சியில் போடவிட்டுப் பாருங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டுகள், தனியாக இரண்டு குச்சிகள். ஏழு குச்சி எடு என்றால் குழந்தை தயங்கும், இரண்டு குச்சியைத் திரும்ப எண்ணும். வேறு வழியில்லை என்று தெரிந்தபின் ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவும். பத்து குச்சியும் சரிந்து விழ, கையில் பன்னிரண்டு. கடன் என்ற சொல்லே அங்கே தேவைப்படுவதில்லை. இதையே ஸ்மார்ட் போர்டில் அழகான அசைபடமாகவும் காட்டலாம். கட்டு தானே பிரியும், குச்சிகள் வண்ணம் மாறும், இசையும் ஒலிக்கும். வகுப்பே ஆர்வமாகப் பார்க்கும். ஆனால் தயங்கி, யோசித்து, கட்டைப் பிரிக்கும் வேலையை அங்கே திரையே செய்து முடித்துவிடுகிறது. எந்தக் கருவியானாலும், யோசிக்கும் வேலையை அது குழந்தைக்குக் கொடுக்கிறதா, குழந்தையிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறதா என்பதுதான் அதன் தகுதியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் வாதம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பேச்சு அல்ல. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையைத் தழுவி, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் பாயில் குழுக்குழுவாக உட்கார்ந்து, ஏணிப்படி வரிசையில் அட்டைகளை எடுத்துத் தம் வேகத்தில் படித்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகைகள் இருந்தன. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதே ஆண்டில் நடுநிலை வகுப்புகளுக்குச் சோதனைப் பொருள்களோடு ‘வானவில் மன்றம்’ வந்தது. பின்னர் ஸ்மார்ட் வகுப்பறைகளும், ஆசிரியர்களுக்கு டேப்லெட்டுகளும் சேர்ந்தன. எல்லாம் வரவேற்க வேண்டியவை. எத்தனை பள்ளிக்கு எத்தனை கருவி போய்ச் சேர்ந்தது என்ற எண்ணிக்கையோடு நம் பெருமிதம் நின்றுவிடுவதுதான் கவலை தருகிறது.

அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் அங்கே வழங்கினார்கள். 319 கிராமப்புறப் பள்ளிகளில் விளைவைச் சோதித்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் சொல்லத்தக்க முன்னேற்றம் ஏதும் இல்லை. நேர்மாறாக, டெல்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணினிவழிப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2019-இல் வந்தது. பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த அந்த மையங்களுக்கான வாய்ப்பைப் பெற்ற பிள்ளைகள், நாலரை மாதத்தில், பெறாதவர்களைவிடக் கணிதத்தில் இரண்டு மடங்குக்கும் மேலாக முன்னேறியிருந்தார்கள். இரண்டுமே கணினிதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? டெல்லி ஆய்வில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். வகுப்பாசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தையே நடத்தியாக வேண்டும். மென்பொருளோ ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்துக் கணக்கையே கொடுத்தது. அதோடு பாதி நேரம் சிறு குழுவாக உட்காரவைத்துக் கற்பிக்க ஒரு பயிற்றுநரும் இருந்தார். மாணவர் செய்யும் வேலை குறையவில்லை. அவரால் போடக்கூடிய கணக்காக அது மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் கையில் தொட்டுச் செய்வதெல்லாம் நல்லது, திரையில் பார்ப்பதெல்லாம் மட்டம் என்று பிரித்துவிடலாமா? முடியாது. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நிஜ நோட்டும் நாணயமும் போலவே இருந்த மாதிரிப் பணத்தை வைத்துக் கணக்குப் போட்ட குழந்தைகள் மொத்தத்தில் அதிகமாகத் தவறு செய்தார்கள். ஆனால் கணக்கின் கருத்தையே தவறாகப் புரிந்துகொண்ட பிழைகள் அவர்களிடம் குறைவாக இருந்தன. பொருள் புரியவும் வைக்கும், கவனத்தையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதே இதிலிருந்து தெரிவது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘பெட்’ (PhET) என்னும் கணினிப் பாவிப்புகளில் (simulations) மின்சுற்று பற்றியது ஒன்று உண்டு. நிஜக் கம்பியும் பல்பும் கையாண்டவர்களைவிட அந்தப் பாவிப்பில் பழகிய கல்லூரி மாணவர்கள், பிறகு நிஜச் சுற்றை அமைப்பதிலும் அதை விளக்குவதிலும் மேலாக இருந்தார்கள் என்று 2005-இல் வந்த ஆய்வு சொல்கிறது. கம்பிக்குள் எலக்ட்ரான் ஓடுவதைக் கண்ணால் பார்க்க முடியாது, பாவிப்பு அதைக் காட்டுகிறது. கம்பியை எங்கே இணைப்பது என்று அங்கேயும் மாணவரே முடிவெடுக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். கைக்கு எட்டாததைத் திரை காட்டட்டும். கைக்கு எட்டுகிற குச்சியையும் கல்லையும் எதற்காகத் திரைக்குள் கொண்டுபோக வேண்டும்?

முப்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், முடிக்க வேண்டிய பாடம் மலையாகக் கிடக்கிறது, இதில் குச்சிக்கட்டுக்கு நேரமேது என்று ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் இரண்டாம் வகுப்பில் பத்தின் கட்டு புரியாமல் போனால், தசமத்திலும் சதவீதத்திலும் அதே ஓட்டை மறுபடி மறுபடி திறக்கும். அங்கே செலவாகும் நேரம் இதைவிட அதிகம். தனியார் பள்ளிக் குழந்தைக்குத் திரை, ஏழைக் குழந்தைக்கு ஈர்க்குச்சியா என்றும் கோபமாகக் கேட்கலாம். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. அரசுப் பள்ளிக்குக் கணினியும் இணையமும் வந்தே தீர வேண்டும். ஆனால் காணொளியை ஓடவிட்டு வகுப்பை அமைதியாக உட்காரவைப்பதற்கு மட்டும் அது பயன்பட்டால், ஏழைக் குழந்தைக்கு மறுபடியும் குறைந்த கல்விதான் கிடைக்கிறது, இம்முறை விலையுயர்ந்த கருவியின் வழியாக.

ஆசிரியருக்குக் கருவியை இயக்கச் சொல்லித்தரும் பயிற்சி மட்டும் போதாது. குழந்தை கட்டைப் பிரித்தபின் என்ன கேள்வி கேட்பது, குச்சியில் செய்ததை எப்போது எண்ணாக எழுதவைப்பது, குச்சியை எப்போது எடுத்து வைத்துவிடுவது என்பதற்கும் பயிற்சி வேண்டும். நிர்வாகம் செய்ய வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் இருக்கும்வரை, மணிச்சட்டமும் காந்தமும் லென்ஸும் பீரோவுக்குள்தான் பத்திரமாக இருக்கும். பிள்ளைகள் புழங்கியதில் தேய்ந்ததையும் உடைந்ததையும் ஆண்டுதோறும் கேள்வியின்றிக் கழித்து எழுதிவிட்டு, புதியதை அனுப்பும் ஏற்பாடு வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரியும் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன்னால், ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் குச்சியால் கழித்துக் காட்டச் சொல்லட்டும்.