இரு தீவு நகரங்களும் ஒரு சேமிப்புப் பாடமும்

மும்பையும் சிங்கப்பூரும் பல வகைகளில் ஒத்தவை. மும்பை, ஏழு தீவுகளுக்கிடையே கடலைத் தூர்த்து இணைத்த நகரம். சிங்கப்பூரும் அவ்வாறே, 1960-களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தன் நிலப்பரப்பை இன்று 730-க்கும் மேலாகப் பெருக்கியுள்ளது. பெருநகர மும்பையின் பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர். இரண்டிலும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. அங்கே அது ஆண்டு முழுவதும் பரவிப் பெய்கிறது. இங்கே பெரும்பகுதி நான்கே மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் பதிவான 944 மில்லிமீட்டரை மாட்டுங்கா, செம்பூர்வாசிகள் எளிதில் மறக்க இயலாது.

வாழ்க்கைத் தரம் பிரிவது வீட்டில்தான். 2011 கணக்கெடுப்பின்படி 1.24 கோடி மும்பைவாசிகளுள் ஐந்தில் இருவர் குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தனர். சிங்கப்பூரிலோ குடியிருப்பாளருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. அங்கும் ஒருகாலத்தில் குடிசைகள் நெருங்கியிருந்தன. 1961-இல் புக்கிட் ஹோ சுவீ தீவிபத்து ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. 1955-இல் தொடங்கிய மத்திய சேம நிதியை, 1960-இல் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளை வாங்கப் பயன்படுத்தலாம் என 1968-இல் அரசு அனுமதித்தது. மாதச் சம்பளத்தில் பிடித்த சேமிப்பே வீடாக மாறியது.

தாராவியிலிருந்து சிங்கப்பூருக்குப் பணிக்குச் செல்லும் இளைஞரும் அவர்தம் பெற்றோரும் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேம நிதி, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை அனுமதியில் செல்பவருக்கு அந்நிதியும் இல்லை. அரசு வீட்டை விலைக்கு வாங்கும் உரிமையும் இல்லை. இங்கு வேலையில் இருந்தபோது செலுத்திய வருங்கால வைப்பு நிதியும் நின்றுவிடும். ஆகவே கூடுதல் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது முழுக் கணக்காகாது. வாடகையும் உணவும் போக எஞ்சுவது எவ்வளவு, அதில் முதுமைக்கும் வீட்டிற்கும் ஒதுக்குவது எவ்வளவு என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

புறப்படுமுன் வங்கிக் கிளையை அணுகி, வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய கணக்குகளைத் தொடங்குவது நலம். மாதந்தோறும் முதல் வாரத்திலேயே ஒரு தொகையை வைப்பில் சேர்த்து, எஞ்சியதைச் செலவிடலாம். சிங்கப்பூரர்க்குச் சட்டம் செய்து தந்த கட்டாயச் சேமிப்பை, அங்கு உழைக்கச் செல்லும் நம்மவர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.