வறுத்துப் பார்த்தால் தோட்டம் தெரியும்

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தோட்டத்து வீடுகளுக்குப் போனால் முதலில் காபிதான் தருவார்கள். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிக்கும் மலைவாழைக்கும் நடுவே அராபிகா விளைகிற வீடு அது. ஆனால் பல வீடுகளில் டம்ளரில் வருவது கீழே டவுனில் வாங்கிய பாக்கெட் தூள். கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1942-ல் காபிச் சட்டம் வந்தபின், விளைச்சலைக் காபி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று பல பத்தாண்டுகள் இருந்தது. 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-ல்தான் முழுசாக விட்டார்கள். கட்டுப்பாடு போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பழத்தை அப்படியே காயவைத்து, மூட்டை கட்டி வியாபாரியிடம் போட்டால் வேலை முடிந்தது. நல்ல பழமும் பச்சைக் காயும் ஒரே மூட்டை, ஒரே விலை.

பேங்க் வேலை முடிந்து மலைக்கு வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான்தான் வறுக்கிறேன். கடைக்காசு மிச்சம் என்பது ரெண்டாம் பட்சம். நம் தோட்டத்தை ஆடிட் பண்ணுவது அந்த வாணலிதான்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. நன்றாகக் காய்ந்த கொட்டையை எடுத்து, கறுப்பும் உடைசலும் பொறுக்கிவிட்டு, ஒரு தடவைக்கு கால் கிலோ போதும். கனமான இரும்பு வாணலி, நிதானமான தீ. கரண்டியை நிறுத்தவே கூடாது. முதல் நாலைந்து நிமிஷம் பச்சை வாசனைதான் வரும், கொட்டை மஞ்சளாகும். அப்புறம் ரொட்டி சுடுகிற மாதிரி மணம். மெல்லிய தோல் பறக்க ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் வாக்கில் சோளம் பொரிகிற மாதிரி பட் பட்டென்று வெடிக்கும். அங்கே தீயைக் குறையுங்கள். வெடிப்பு அடங்கி, இன்னும் சன்னமாக ரெண்டாவது சடசடப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் இறக்கினால் ஃபில்டர் காபிக்குச் சரியாக இருக்கும். உடனே முறத்தில் கொட்டிப் புடைத்து ஆற்ற வேண்டும். வாணலியிலேயே விட்டால் உள்சூட்டில் கருகிவிடும். புகை கிளம்பும் என்பதால் கொல்லையில் அடுப்பு வையுங்கள். வீட்டுக்குள் வறுத்தால் வீட்டம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது உங்கள் பாடு.

ஆறியதைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். எல்லாம் பழுப்பாக இருக்க, சில மட்டும் வெளிறி நிற்கும். அவை பழுக்காமல் பறித்தவை. ஊசி குத்தின மாதிரி துளை இருந்தால் காய்த்துளைப்பான் வண்டு. பூஞ்சை வாடை அடித்தால் களத்தில் சரியாகக் கிளறவில்லை. மேலே கருகி உள்ளே வேகாமல் இருந்தால் அது தோட்டத்துக் குறை இல்லை, தீயின் குறை.

போன வருஷம் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன் கொட்டையைக் கொண்டுவந்தார். வறுத்ததில் ஒரு கைப்பிடி வெளிறல். கூட வந்திருந்த பறிப்புக்காரம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி குடுத்தா, கைக்குச் சிக்குனதையெல்லாம் உருவத்தான செய்வோம்?" என்றார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த பறிப்பை நாள்கூலிக்கு மாற்றி, சிவந்த பழமாகப் பார்த்து மூன்று சுற்றுப் பறிக்க வைத்தார். செலவு கூடியது. வியாபாரி அதற்காக ஒரு ரூபாய்கூட ஏற்றித் தரவில்லை. அதனால் அதில் இரண்டு மூட்டையை நிறுத்திவைத்து, வறுத்துத் தெரிந்த வீடுகளுக்குக் கொடுக்கிறார். கூடின கூலி அதில்தான் திரும்புகிறது.

விற்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுமார் ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அது 840 கிராம் அளவுக்கு இறங்கும். விலை வைக்கும்போது இந்த எடைக் குறைவு, பறிப்பு, விறகு, நம் உழைப்பு எல்லாம் ஏற வேண்டும். பாக்கெட் தூள் விலையோடு போட்டி போட வேண்டாம், அதில் பாதி சிக்கரியாகக்கூட இருக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.

வறுத்ததை ஒரு நாள் ஆறவிட்டு அரையுங்கள். கொட்டையாக வைத்தால் இரண்டு மூன்று வாரம் மணம் நிற்கும், தூளாக்கினால் சீக்கிரம் போய்விடும். கையால் சுற்றும் சின்ன அரைவை மிஷின் போதும். மிளகாய் அரைக்கிற மில்லில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.