துறைமுகம் கையிலே, ஆற்றுவாய் பகைவன் பிடியிலே!

1944 செப்டம்பர் 4ஆம் நாள். பெல்ஜியம் நாட்டு ஆண்ட்வெர்ப் நகரத்திலே பிரிட்டிஷ் டாங்கிகள் நுழைந்தன. தெருவெல்லாம் மக்கள் வெள்ளம்! மலர் வீசினர், மது வழங்கினர், டாங்கிகளின் மீதே ஏறிக் கூத்தாடினர். நாலாண்டுக் காலம் நாஜிகளின் காலடியிலே நசுங்கிக் கிடந்த ஊர், ஆடாதா, பாடாதா? ஐரோப்பாவின் மாபெரும் துறைமுகங்களிலே ஒன்று கைக்கு வந்துவிட்டது. அதுவும் உடையாமல், எரியாமல்!

துறைமுகம் வந்தது; கப்பல் வரவில்லை. ஒரு நாளா, இரண்டு நாளா? ஏறத்தாழ மூன்று மாதம், தோழர்களே!

அந்த நாளிலே ஒரு துறைமுகத்தின் மதிப்பு என்ன என்பதை முதலில் பார்ப்போம். ஜூன் 6இல் நார்மண்டிக் கரையிலே இறங்கிய நேச நாட்டுப் படை, ஆகஸ்டிலே பாரிசைத் தாண்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. பாய்கிற படைக்கு ரொட்டி வேண்டும், குண்டு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்ரோல் வேண்டும். அத்தனையும் இன்னும் நார்மண்டி மணலிலேதான் இறங்கின. செர்பூர் துறைமுகத்தைப் பிடித்தார்கள். ஜெர்மானியர் அதைச் சிதைத்துவிட்டுத்தான் கொடுத்தனர். ஆகவே நூற்றுக்கணக்கான மைல் தூரம், இரவு பகலாக, லாரிகள் ஓடின. ‘ரெட் பால்’ வழி என்று அதற்குப் பெயர். ஓட்டியவர்களிலே பெரும்பாலோர் அமெரிக்கக் கறுப்பினத் தோழர்கள். வெள்ளைச் சிப்பாயோடு ஒரே பிரிவிலே இருக்கத் தகுதியில்லை என்று அவர்களை ஒதுக்கி வைத்த அதே படைதான், அவர்கள் கொண்டுவந்த பெட்ரோலிலே ஓடியது!

ஆண்ட்வெர்ப் உடையாமல் கிடைத்தது தளபதிகளின் திறமையால் அல்ல. நகருக்கு வரும் வழியிலே, வேக்கமன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் டாங்கிகளை மறித்தார். முன்னே இருக்கிற பாலத்திலே வெடி வைத்திருக்கிறார்கள், வேறு பாலம் காட்டுகிறேன் என்று அழைத்துச் சென்றார். துறைமுகத்திற்குள்ளே, ஓஜென் கோல்சன் என்ற கப்பல்காரரின் தலைமையிலே, தலைமறைவாகத் திரண்டிருந்த தோழர்கள் துப்பாக்கி ஏந்தி நின்றனர். மதகுக் கதவு போனால் துறைமுகம் போயிற்று, கிரேன் போனால் பிழைப்புப் போயிற்று என்பது மூட்டை சுமந்தவனுக்குத் தெரியும். ஜெர்மானியர் வெடி வைக்குமுன் காத்தனர். காத்ததைப் பத்திரமாக ஒப்படைத்தனர்.

ஒப்படைத்ததை வாங்கிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள்?

ஆண்ட்வெர்ப் கடற்கரையிலே இல்லை. ஷெல்ட் என்ற ஆற்றிலே, கடலிலிருந்து ஏறத்தாழ 50 மைல் உள்ளே இருக்கிறது. ஆற்றுவாயின் வடகரையிலே வால்கரன் தீவு, தென்கரையிலே பிரெஸ்கன்ஸ் பகுதி. இரண்டிலும் ஜெர்மன் பீரங்கிகள். நடுவே ஆறு முழுவதும் கண்ணிவெடிகள். வீட்டின் சாவி கையிலே, வாசற்படியிலே பாம்பு!

இது தெரியாமற் போயிற்றா? கடற்படைத் தளபதி ராம்சே, நகரம் பிடிபடுவதற்கு முதல் நாளே, செப்டம்பர் 3இல், ஆற்று வழியை அடைத்துவிடுவார்கள் என்று எச்சரித்துத் தந்தி அனுப்பினார். கப்பல்காரன் பேச்சு, தரைப்படையின் காதிலே ஏறவில்லை. மாண்ட்கோமரியின் கண் ரைன் நதியின் மேல் இருந்தது. செப்டம்பர் 17இல் வானத்திலிருந்து படைகளை ஆர்னம் நகரருகே இறக்கினார். அங்கே போனவர் ஏறத்தாழ பத்தாயிரம். ஆற்றைக் கடந்து மீண்டவர் இரண்டாயிரத்துச் சொச்சம்.

அதே நாட்களிலே, சிக்கிக்கொண்டது என்று கணக்கிடப்பட்ட ஜெர்மன் 15ஆவது படை, பிரெஸ்கன்ஸிலிருந்து அக்கரைக்கு ஓடம் ஓடமாகத் தப்பிக்கொண்டிருந்தது. எண்பதாயிரம் பேருக்கு மேல்! பீரங்கியோடு, வண்டியோடு, குதிரையோடு!

அவர்களைத் தப்பவிட்ட கடனை அக்டோபரிலே அடைத்தவர் யார்? கனடா நாட்டுச் சிப்பாய்கள். லியோபோல்ட் கால்வாயைத் தீயுமிழ் கருவிகளோடு கடந்து, நெஞ்சளவுச் சேற்றிலே நின்று, வயல் வயலாகப் போரிட்டனர். ஆண்ட்வெர்ப்தான் முதல் வேலை என்று மாண்ட்கோமரி ஆணையிட்டது அக்டோபர் 16இல். நகரம் கைக்கு வந்து ஆறு வாரம்!

வால்கரன், கடல் மட்டத்திற்குக் கீழே கிடக்கும் மண். கரையணைதான் அதற்கு உயிர். அந்த அணையை அக்டோபர் 3இல் பிரிட்டிஷ் விமானங்கள் உடைத்தன. கடல் உள்ளே புகுந்தது. வெஸ்ட்காப்பெல்லே என்ற சிற்றூரிலே மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விடுதலைக்குக் காத்திருந்த டச்சு மக்கள், தோழர்களே!

நவம்பர் 1. கமாண்டோப் படையினர் உடைந்த அணையருகே இறங்கினர். இங்கிலாந்தின் விமானத்தளங்களிலே மூடுபனி. விமான உதவி போதிய அளவு இல்லை. வார்ஸ்பைட் போர்க்கப்பல் தொலைவிலிருந்து 15 அங்குலப் பீரங்கிகளால் முழங்கியது. ஆனால் அன்றைய வேலையைச் செய்தவை, இருபதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பீரங்கிப் படகுகள். கரைப் பீரங்கிகள் தம்மையே சுடட்டும், இறங்குகிறவர்கள் பிழைக்கட்டும் என்று கரையை ஒட்டி முன்னேறின. 9 மூழ்கின, 11 செயலிழந்தன. கமாண்டோக்கள் கரையேறினர். நவம்பர் 8இல் தீவு அடங்கியது. அக்டோபர் முதல் அதுவரை நேச நாட்டுத் தரப்பிலே மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் 12,873 பேர், பாதியளவு கனடாக்காரர்கள்.

பிறகு கண்ணி வாரும் கப்பல்கள் வந்தன. வெளியே எடுத்தவை 267. பெரிய கப்பல் வரிசை துறைக்கு வந்தது நவம்பர் 28இல்; முன்னே வந்த கப்பல் ‘ஃபோர்ட் கட்டராக்கி’, கனடாவிலே கட்டியது. மாண்ட்கோமரி பின்னாளிலே, 1958இல் வெளியான தம் நினைவுக் குறிப்பிலே, தாம் கணக்குத் தப்பியதாக ஒப்புக்கொண்டார். ராம்சே அதைப் படிக்க உயிரோடில்லை. 1945 சனவரி 2இல் விமான விபத்திலே மாண்டுவிட்டார்.

துறை திறந்ததும் தொல்லை தீர்ந்ததா? இல்லை. அக்டோபரிலேயே தொடங்கியிருந்த ஹிட்லரின் ராக்கெட் மழை வலுத்தது. இலண்டன் மீது விழுந்ததைவிட அதிகமான வி-2 ராக்கெட்டுகளை ஆண்ட்வெர்ப் மீது ஏவினார்கள். டிசம்பர் 16இல் ரெக்ஸ் சினிமாக் கொட்டகை மீது ஒன்று விழுந்தது; 567 பேர் மாண்டனர். அந்த வானத்தின் கீழேதான், நாளொன்றுக்குப் பல்லாயிரம் டன் சரக்கைத் துறைமுகத் தொழிலாளர்கள் இறக்கிக்கொண்டிருந்தனர், போர் முடியும்வரை.