வயலுக்குக் கீழே யார் சட்டம்?

2020இல் வேளாண் மண்டலச் சட்டம் வந்ததோடு காவிரி டெல்டாவில் எண்ணெய் எடுப்பது நின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நிற்கவில்லை. நரிமணம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் பக்கமெல்லாம் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி வேலை பார்ப்பதைச் சாலையில் போகும்போதே பார்க்கலாம். சட்டம் எதைத் தடுத்தது, எதை விட்டுவைத்தது என்று தெரிந்துகொள்ள, யார் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதில் தொடங்க வேண்டும்.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் எண்ணெய் வயல்கள் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன; வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில். ஒரே வயல்தான், மேலே சென்னை, கீழே டெல்லி. ஆனால் டெல்லி நினைத்தவுடன் கிணறு தோண்டிவிட முடியாது. கடலுக்குள் எல்லாமே மத்திய அரசுடையது. கரையில் அப்படியில்லை. 1959ஆம் ஆண்டின் பெட்ரோலிய விதிகளின்படி, மத்திய அரசின் முன் ஒப்புதலோடு குத்தகையை எழுதிக் கொடுத்துவந்தது மாநில அரசு. ராயல்டி வருவதும் மாநிலக் கருவூலத்துக்கே.

குத்தகையில் மாநிலம் போடும் இந்த ஒரு கையெழுத்தின் கனம் என்ன என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் காட்டியது. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு, சிறு எண்ணெய் வயல்களைத் தனியாருக்குத் தர ஒப்புதல் அளித்தது. நெடுவாசல் கர்நாடகத்தின் ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போனது. ஊர் திரண்டது, நாடே பார்த்தது. போராட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. காகிதத்தில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை: ஓஎன்ஜிசி பெயரில் இருந்த சுரங்கக் குத்தகையைப் புது நிறுவனத்துக்கு மாற்றித்தர மாநில அரசு முன்வரவில்லை. ஒப்பந்தம் இருந்தது, வேலை நடக்கவில்லை.

மன்னார்குடி மீத்தேன் திட்டமும் இதே வழியில்தான் முடிந்தது. 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்தோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. 2011 ஜனவரியில் தமிழக அரசும் அதே நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே காலமானார். வல்லுநர் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2015 அக்டோபரில் தமிழக அரசு வேண்டாம் என்று அரசாணை போட்டது. கையெழுத்துப் போட்டதும் மாநிலம், மறுத்ததும் மாநிலம். மறுப்பு அரசாணையாக மட்டும் இருந்தால் அடுத்த ஆட்சி அதை இன்னொரு அரசாணையால் அழித்துவிடலாம் என்பதால்தான் சட்டமே வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது.

அதற்குள் டெல்லியிலும் விதிகள் மாறின. 2016இன் புதிய கொள்கைப்படி எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் போதும். 2020 ஜனவரி 16 அன்று சுற்றுச்சூழல் அறிவிக்கையைத் திருத்தி, ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று ஆக்கினார்கள். அடுத்த மாதம் 20ஆம் தேதி வேளாண் மண்டல மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் மண்டலத்துக்குள் வந்தன. நாகையிலிருந்து பிரிந்த மயிலாடுதுறை 2023இல் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. தடைப் பட்டியலில் தோல் பதனிடும் ஆலை, செம்பு உருக்காலை போன்றவற்றோடு எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் ஆகியவற்றைத் தேடுவது, துளையிடுவது, எடுப்பது எல்லாம் இருக்கின்றன.

படிக்க வேண்டியது அதன் கீழே உள்ள விலக்கு. சட்டம் வருமுன் நடந்துகொண்டிருந்த வேலைகளுக்குத் தடையில்லை. துறைமுகம், சாலை, மின்சாரம், குழாய்ப் பாதை போன்ற கட்டமைப்புகளுக்கும் தடையில்லை. டெல்டாவின் இன்றைய தகராறுகளில் பெரும்பகுதி இந்த விலக்கில்தான் பிறக்கிறது. பழைய கிணற்றில் ரிக் என்னும் துளையிடும் இயந்திரம் வந்து நின்றால் அது மராமத்தா, புது வேலையா? மன்னார்குடிப் பக்கம் பெரியகுடியில் நிரந்தரமாக மூடத்தான் வேலை என்று நிறுவனம் சொல்ல, திறக்கத்தான் பார்க்கிறார்கள் என்று விவசாயிகள் சந்தேகப்பட்டார்கள்.

குழாய் விஷயம் இன்னும் நுணுக்கமானது. 1962ஆம் ஆண்டின் குழாய்ப் பாதைச் சட்டம் நிலத்தை வாங்குவதில்லை; அதில் குழாய் பதிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். பயிர்ச் சேதத்துக்குத் தனி இழப்பீடு, உரிமைக்காக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். குழாய் புதைந்த பட்டையில் நடவு நடலாம். தென்னை வைக்கக்கூடாது, போர்வெல் போடக்கூடாது, களத்துக்கு ஒரு கொட்டகைகூடக் கட்டக்கூடாது. பத்து சதவீதம் கொடுத்துவிட்டு நிலத்தின் எதிர்காலத்தையே பூட்டிவைக்கும் ஏற்பாடு இது என்பது என் எண்ணம். 2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோது இந்தக் குழாய்கள் ஊர்ப்பேச்சாயின. வேளாண் மண்டலச் சட்டம் அவற்றைத் தொடவில்லை.

சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இல்லை. நாகை மாவட்டம் பனங்குடியில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் ஆலைக்குப் பிரதமர் 2021 பிப்ரவரி 17 அன்று அடிக்கல் நாட்டினார்.

மண்டலத்தின் கோடு முடியும் இடத்தில் பாதுகாப்பும் முடிகிறது. காவிரிப் படுகை என்று எண்ணெய்க்காரர்கள் சொல்வது ராமநாதபுரம் வரை நீளும். அங்கே 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. கருத்துக்கேட்பு கிடையாது என்பதால் விஷயம் வெளியே தெரியவே மாதங்கள் ஆயின. எதிர்ப்பு கிளம்பிய பின், ஆகஸ்டில், அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது.

ஆகவே உங்கள் ஊருக்கு ரிக் வந்தால் கேட்க வேண்டியவை இவை: குத்தகை எந்தத் தேதியில், யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கிணறு 2020 பிப்ரவரிக்கு முந்தையதா? சுற்றுச்சூழல் அனுமதி ஆய்வுக்கா, உற்பத்திக்கா? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இன்றைக்கும் செல்லுமா? மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாள் கெடு இருக்கிறது.