கம்ப்யூட்டருக்கு இன்சூரன்ஸ்: வீட்டிலும் வெளியிலும்

புதிய கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரர் பில்லோடு ஒரு வாரண்டி அட்டையையும் தருவார். "மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை சார்" என்று சொல்வார். பலர் இந்த அட்டையையே இன்சூரன்ஸ் என்று நினைத்துக் கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. கம்ப்யூட்டர் தயாரிப்பில் குறை இருந்தால் சரி செய்து தருவதுதான் வாரண்டி. தீப்பிடித்தது, வெள்ளம் புகுந்தது, திருடன் தூக்கிப் போனான், கை தவறி விழுந்தது என்றால் வாரண்டி அட்டையால் பயன் இல்லை. கூடுதல் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் பெரும்பாலும் இப்படித்தான். வருடங்கள்தான் கூடுமே தவிர, திருட்டும் வெள்ளமும் அதில் சேராது.

அப்படியானால் கம்ப்யூட்டரைத் தனியாக இன்சூர் செய்ய வேண்டுமா? வீட்டில் ஒரு இடத்தில் வைத்திருக்கும் டெஸ்க்டாப் என்றால் தேவையில்லை. டி.வி., ஃபிரிட்ஜ், பீரோவோடு சேர்த்து வீட்டு இன்சூரன்ஸிலேயே அதையும் அடக்கிவிடலாம்.

வீட்டு பாலிசியில் என்ன கிடைக்கும்?

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பொது இன்சூரன்ஸ் நடத்தும் கம்பெனிகள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசியை வழங்கி வருகின்றன. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே. சொந்த வீட்டை இன்சூர் செய்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு வந்துவிடும். இதற்கு உச்ச வரம்பு 10 லட்சம் ரூபாய். கட்டடத்தை 30 லட்சத்துக்கு இன்சூர் செய்திருந்தால் உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 6 லட்சம் என்று கணக்கு. இதற்காக ஒவ்வொரு பொருளாகப் பட்டியல் எழுதித் தர வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் "வீடு நம்முடையது இல்லையே" என்று ஒதுங்க வேண்டாம். பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். வீட்டுக்காரர் எடுத்திருக்கும் பாலிசி அவருடைய சுவருக்கும் கூரைக்கும்தான், உங்கள் கம்ப்யூட்டருக்கு அல்ல.

தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், மேல்நிலைத் தொட்டி உடைந்து தண்ணீர் கொட்டுவது ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் முதலில் மிக்ஜாம் புயலால் சென்னையும் பிறகு கனமழையால் தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளும் பட்ட பாட்டையும் நினைத்துப் பாருங்கள். நம் வீடுகளில் சி.பி.யு. பெட்டியை மேஜைக்குக் கீழே தரையில்தான் வைக்கிறோம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அதுதான். இன்சூரன்ஸ் எடுக்கிறீர்களோ இல்லையோ, இன்றே அதை ஒரு ஸ்டூல் மீது தூக்கி வையுங்கள்!

திருட்டு விஷயத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவின் அடிப்படைப் பாலிசியில் சாதாரண திருட்டு கிடையாது. தீ விபத்தோ வெள்ளமோ நடந்து 7 நாட்களுக்குள் அதைச் சாக்காக வைத்து யாராவது பொருளைத் தூக்கிச் சென்றால் மட்டுமே பணம் கிடைக்கும். பூட்டிய வீட்டில் நடக்கும் திருட்டுக்கு 'பர்க்ளரி' என்ற பிரிவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பல கம்பெனிகளின் 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' பாலிசியில் இது ஒரு பிரிவாகவே இருக்கும்.

இந்தப் பர்க்ளரி என்ற சொல்லுக்குப் பாலிசியில் தனி அர்த்தம் உண்டு. பூட்டை உடைத்தோ, ஜன்னல் கம்பியை வளைத்தோ, பலாத்காரமாக உள்ளே வந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தபோது மெதுவாக நுழைந்து லேப்டாப்பை எடுத்துச் சென்றால் அது போலீஸுக்குத் திருட்டு. பாலிசிப்படி பர்க்ளரி அல்ல. இந்தப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனது. பாலிசியில் 'பலாத்காரமாக நுழைந்து' என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்க வேண்டும், அந்த வார்த்தைகளைத் தாண்டிப் பொருள் கொள்ள முடியாது என்று 2004-ல் தீர்ப்பு வந்தது. எனவே பாலிசி வாங்கும்போதே "சாதாரண திருட்டும் சேருமா?" என்று கேளுங்கள். சேரும் என்று சொன்னால், அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வேலைக்காரர்கள் எடுத்தால் உண்டா, கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் எத்தனை நாள் வரை பாலிசி செல்லும் என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள். இவை பாலிசிக்குப் பாலிசி மாறும்.

கரண்ட்டால் வரும் நஷ்டம்

வீட்டுக் கம்ப்யூட்டர்கள் திருட்டில் போவதைவிட மின்சாரத்தில் போவதுதான் அதிகம் என்று எந்த சர்வீஸ் இன்ஜினியரும் சொல்வார். தெருவில் நியூட்ரல் ஒயர் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கிய மின்சாரம் வந்துவிடலாம். எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, மானிட்டர் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். "தீ பாலிசிதான் இருக்கிறதே, கருகிய வாசனைகூட வருகிறது" என்று கிளைம் செய்தால் கிடைக்காது. அதிக மின்னழுத்தம், ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு ஆகியவற்றால் பழுதாகும் மின் சாதனத்துக்குப் பணம் இல்லை என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விலக்கு அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் ஷார்ட் ஆகி, அதிலிருந்து தீ பரவி, மேஜை, புத்தக அலமாரி, பக்கத்தில் இருந்த பிரிண்டர் எரிந்தால், கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நஷ்ட ஈடு உண்டு.

கம்ப்யூட்டருக்கும் வேண்டும் என்றால் வீட்டு மின் சாதனங்கள் பழுதாவதற்கான 'பிரேக்டவுன்' பிரிவைச் சேர்க்க வேண்டும். எத்தனை வருடப் பழைய சாதனம் வரை ஏற்பார்கள் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே டி.டி.பி., ஜெராக்ஸ் என்று தொழில் செய்பவர்களுக்கு 'எலக்ட்ரானிக் எக்யுப்மெண்ட்' பாலிசி பொருத்தமாக இருக்கும். இதில் சாதனத்துக்கு ஒரு பிரிவு, டேட்டாவைத் திரும்பப் பதிவு செய்யும் செலவுக்கு ஒரு பிரிவு, பழுதான காலத்தில் வாடகைக் கம்ப்யூட்டர் எடுக்கும் செலவுக்கு ஒரு பிரிவு என்று மூன்று பகுதிகள் இருக்கும். பராமரிப்பு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள்.

மற்றபடி சாதாரண வீட்டு உபயோகத்துக்கு ஒரு நல்ல யு.பி.எஸ்.ஸும் சரியான எர்த் இணைப்பும் எந்தப் பாலிசியையும் விட மலிவு என்பதே என் எண்ணம்.

வெளியே எடுத்துச் சென்றால்

வீட்டு பாலிசி பொதுவாகப் பாலிசியில் எழுதிய முகவரியோடு முடிந்துவிடும். லேப்டாப் வாசலைத் தாண்டினால் வேறு கணக்கு. 'ஆல் ரிஸ்க்' பிரிவிலோ, லேப்டாப்புக்கென்று உள்ள தனிப் பிரிவிலோ, மாடல் மற்றும் சீரியல் எண்ணோடு அதைச் சேர்க்க வேண்டும். 'பேக்கேஜ்' என்ற பிரிவு இருக்கிறதே என்று அதை மட்டும் நம்ப வேண்டாம். பயணத்தில் கொண்டு போகும் பெட்டி படுக்கைக்கான அந்தப் பிரிவில் எலக்ட்ரானிக் பொருட்களை விலக்கியிருக்கலாம்.

காரில் வைத்துவிட்டு ஓட்டலுக்குள் போய்ச் சாப்பிடுவது நம் வழக்கம். காரின் கண்ணாடிகள் எல்லாம் மூடி, கதவுகள் பூட்டி இருந்து, உடைத்துத் திருடினால்தான் கிளைம் கிடைக்கும் என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. ஆளில்லாமல் வைத்துவிட்டுப் போன பைக்கும் இதே கதிதான்.

ரயிலில் போனால் ரயில்வே பார்த்துக் கொள்ளுமா? பார்சலில் புக் செய்து ரசீது வாங்காமல் கையில் கொண்டு போகும் பொருளுக்கு, ரயில்வே ஊழியரின் கவனக்குறைவோ தவறோ காரணம் என்று நிரூபித்தால் தவிர ரயில்வே பொறுப்பல்ல. 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு இதைச் சொல்கிறது. இடுப்பில் கட்டியிருந்த 1 லட்சம் ரூபாய் திருடு போனது என்று ஒரு பயணி தொடர்ந்த வழக்கில், பயணி தன் உடைமையைத் தானே பாதுகாக்க முடியாதபோது ரயில்வேயைக் குறை சொல்ல முடியாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது சில்லறைக் காசுக்குத் தரும் பயண இன்சூரன்ஸும் ஆளுக்குத்தான், லேப்டாப்புக்கு அல்ல.

மொபைல் போனுக்குக் கடையில் விற்கும் பாதுகாப்புத் திட்டங்களில் பல, உடைந்தால் மட்டும்தான் உதவும். திருடு போனால் உதவாது. போனின் விலையையும், ஒவ்வொரு கிளைமுக்கும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய் போனுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

தொகையைக் குறைத்து எழுதாதீர்கள்

பிரீமியம் மிச்சம் என்று மதிப்பைக் குறைத்து எழுதுபவர்கள் உண்டு. பாரத் கிருஹ ரக்ஷாவில் இதற்காக நஷ்ட ஈட்டைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் தனியாக வாங்கும் பர்க்ளரி போன்ற பிரிவுகளில் குறைப்பார்கள். வீட்டில் 4 லட்சம் ரூபாய்க்குப் பொருள் இருக்கிறது, 2 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தீர்கள், 40,000 ரூபாய் கம்ப்யூட்டர் திருடு போனது என்றால், பாதி மதிப்புக்குத்தான் இன்சூர் செய்தீர்கள் என்று 20,000 ரூபாய்தான் தருவார்கள். தேய்மானம் கழித்தால் அதிலும் குறையும். புதுப் பொருளின் விலை கிடைக்குமா, பழைய பொருளின் மதிப்புதானா என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பில், அட்டைப் பெட்டியில் உள்ள சீரியல் எண், லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, உங்கள் இ-மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். அதே கம்ப்யூட்டரில் மட்டும் வைத்திருந்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்! போனில் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறித்து வையுங்கள். உள்ளே இருக்கும் குழந்தைகளின் போட்டோக்களுக்கும் கடிதங்களுக்கும் வீட்டு பாலிசி பணம் தராது. அவற்றுக்கு பேக்கப் மட்டுமே வழி. அந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை அதே மேஜையில் வைக்காமல் அண்ணன் வீட்டிலோ ஆபீஸிலோ வையுங்கள்.

நஷ்டம் ஏற்பட்ட பிறகு

தண்ணீர் புகுந்தால் முதலில் மெயினை அணையுங்கள். "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று நனைந்த கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் பிழைக்கக்கூடிய ஹார்ட் டிஸ்க்கும் போய்விடும். சுத்தம் செய்வதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை பழுதான பாகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம்.

திருட்டு என்றால் அன்றே போலீஸில் புகார் கொடுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, எந்த ஊர் எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் தரலாம். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், கம்பெனி எப்.ஐ.ஆர்.தான் கேட்கும். பிறகு, பொருள் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் கேட்கக்கூடும். பூட்டு உடைக்கப்பட்டிருந்தால் அதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். பிடுங்கிக்கொண்டு ஓடியதை 'தொலைந்துவிட்டது' என்று எழுதினால் கிளைமே போய்விடலாம். போன் என்றால், புகார் நகலைக் கொண்டு மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கலாம். 2023 மே மாதம் தொடங்கிய வசதி இது.

கம்பெனி கிளைமை மறுத்தாலோ, குறைத்துக் கொடுத்தாலோ, முதலில் அதன் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாடு, புதுச்சேரிக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான பிரச்சினைகளை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.